சுண்டையில் கோளாறா? செடி முதல் வற்றல் டப்பா வரை

குப்பைமேட்டிலும் வாய்க்கால் கரையிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலேயே ஆள் உயரம் வளர்ந்து, கொத்துக் கொத்தாகக் காய்க்கிற செடி சுண்டை. அதையே ஆசையாக ஒரு தொட்டியில் வைத்தால் இலை பழுக்கிறது, பூ கொட்டுகிறது, காய் பிடிக்க மாட்டேன் என்கிறது. பெரும்பாலும் கோளாறு செடியில் இருக்காது. நாம் ஊற்றுகிற தண்ணீரிலும் அள்ளிப் போடுகிற உரத்திலும்தான் இருக்கும். வற்றல் போடும்போது கதை தலைகீழ். அங்கே அசட்டையும் அவசரமும்தான் கெடுக்கும்.

கீழே ஒவ்வொரு தலைப்பும் ஓர் அறிகுறி. உங்கள் வீட்டில் எது நடக்கிறதோ அதற்கு நேராகப் போய்விடலாம். ஒன்று மட்டும்: ஒரே நாளில் நாலு வைத்தியம் பார்க்காதீர்கள். ஒன்றைச் செய்து ஒரு வாரம் விடுங்கள். இல்லாவிட்டால் எது பலித்தது, எது கெடுத்தது என்றே தெரியாமல் போகும்.

செடி முளைத்திருக்கிறது, ஆனால் சுண்டைதானா என்று சந்தேகம்

பூவைப் பாருங்கள். சுண்டைக்குப் பூ வெள்ளை, நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள். ஊதாப் பூ பூத்தால் அது சுண்டை இல்லை. தரையோடு படர்ந்து, இலை நரம்பில்கூட நீள நீளமாக முள் இருந்தால் கண்டங்கத்திரி. கொடியாக ஏறி, பழம் சிவப்பாக இருந்தால் தூதுவளை. சுண்டைக்கு முள் உண்டு, ஆனால் தண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, அடி பருத்து லேசாக வளைந்து இருக்கும். இலை அகலமானது, ஓரம் வெட்டு வெட்டாக, தொட்டால் சொரசொரப்பு.

நீலகிரி, கொடைக்கானல் பக்கம் போகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கே சாலையோரம் சுண்டை மாதிரியே கொத்தாகக் காய்த்து நிற்கும் ஒரு செடி உண்டு. இலை வெல்வெட் போல மெத்தென்று இருக்கும், முள் கிடையாது, பூ ஊதா, பழுத்தால் காய் மஞ்சளாகும். தென்னமெரிக்காவிலிருந்து வந்து மலையில் பரவிவிட்ட, சுண்டையும் கத்தரியும் சேர்ந்த சொலானம் இனத்தின் வேறொரு செடி அது. அதன் பச்சைக்காய் நஞ்சு. பறித்துச் சமைக்க வேண்டாம்.

நம் சுண்டையும் வெளியூர்தான் என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சொலானம் டோர்வம் என்ற அறிவியல் பெயர் கொண்ட இந்தச் செடியின் தாயகம் மெக்சிகோவிலிருந்து தென்னமெரிக்காவின் வடபகுதி வரையிலான வெப்பமண்டலமும் கரீபியன் தீவுகளும். மிளகாய், தக்காளி போல இதையும் நாம் சொந்தமாக்கிக்கொண்டோம்.

விதை போட்டு மூன்று வாரம் ஆகிறது, ஒன்றும் முளைக்கவில்லை

பொறுங்கள், முதலில் மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். சுண்டை விதைக்கு உறக்கம் உண்டு. பழத்திலிருந்து எடுத்த புது விதை ஒழுங்காக முளைக்காது. சில மாதம் பழையதான விதை இதைவிடப் பரவாயில்லை. மூன்று, நான்கு வாரம் கழித்து ஒன்றிரண்டாகத் தலைகாட்டுவது இதன் இயல்பு. கத்தரி, தக்காளிக் கணக்கில் ஒரே நாளில் வரிசையாக முளைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

பொதுவாக நடக்கிற தவறு, விதையை ஆழமாகப் புதைப்பது. சுண்டை விதை தூள் மாதிரி சின்னது, முளைக்க வெளிச்சமும் வேண்டும். மேல் மண்ணில் தூவி, விதை மறைந்தும் மறையாமலும் இருக்கும் அளவுக்கு மண் போட்டால் போதும். பகலில் சூடும் இரவில் குளிர்ச்சியும் மாறி மாறிக் கிடைக்கிற இடமாக இருந்தால் நல்லது, அதனால் வீட்டுக்குள் வைக்காமல் வெளியே அரை நிழலில் வையுங்கள். ஈரம் காயக் கூடாது, ஆனால் தண்ணீரை ஊற்றாமல் தெளிக்க வேண்டும். ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும்.

நாற்றங்கால்காரர்கள் இந்த உறக்கத்தைக் கலைக்க ஜிப்ரெலிக் அமிலம் என்ற வளர்ச்சி ஊக்கியின் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்து விதைக்கிறார்கள். ஒரு செடிக்காக அதைத் தேடி அலைவது, சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைதான். நாலு செடிக்கு மேல் தேவைப்படாத வீட்டுக்குச் சுலபமான வழி குச்சி. பச்சையும் பழுப்பும் கலந்த, பென்சில் பருமன் தண்டில் மூன்று நான்கு கணு இருக்கும்படி வெட்டி, அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். மேலே இலை பெரிதாக இருந்தால் பாதியாக நறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர் வருவதற்குள் வாடிவிடும். இன்னொரு வழி, பழைய செடியின் பக்கத்தில் வேரிலிருந்து கிளம்பும் பக்கக்கன்றை வேரோடு வெட்டி எடுப்பது. இப்படி வந்த செடி சீக்கிரம் காய்க்கும்.

உச்சி வெயிலில் இலை தொங்கிப்போகிறது

மாலை ஐந்தரை மணிக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். இலை நிமிர்ந்துவிட்டதா? அப்படியானால் ஒன்றுமில்லை. அகல இலை, வெயிலில் வேர் இழுக்கிற வேகத்தைவிட இலை விடுகிற வேகம் கூடுதல், அவ்வளவுதான். மதியம் இரண்டு மணிக்கு அது வாடுவதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றப் பழகியவர்கள்தான் பின்னால் வேர் அழுகலில் மாட்டுகிறார்கள்.

மாலையிலும் நிமிரவில்லை, மண் ஈரமாகவே இருக்கிறது என்றால் அது தாகம் இல்லை, வேர் மூச்சுத் திணறுகிறது. தொட்டியின் வடிகால் துளையில் ஒரு குச்சியை விட்டுக் குத்திப் பாருங்கள். பல தொட்டிகளில் துளை மண்ணால் அடைத்துப் போயிருக்கும். அடைப்பை எடுத்து, தொட்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, மேல் மண் இரண்டு விரல் ஆழத்துக்குக் காயும்வரை தண்ணீரை நிறுத்துங்கள். கடுமையாக வாடியிருந்தால் பாதி இலையை வெட்டிவிடலாம். பிழைத்துக்கொள்ளும்.

மண் காய்ந்திருந்து, தண்ணீர் விட்டும் மறுநாள் நிமிராவிட்டால் அடித்தண்டைப் பாருங்கள். மண்ணோடு ஒட்டிய இடத்தில் மண் பூச்சு போல இருந்தால் கரையான். அதைச் சுரண்டிவிட்டு, உள்ளே தண்டு திடமாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். உளுத்துப்போயிருந்தால் மேலிருந்து குச்சி வெட்டி வேறிடத்தில் நட்டுக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

கத்தரியைக் கூண்டோடு சாய்க்கிற பாக்டீரியா வாடல் நோய் சுண்டையை எளிதில் தொடாது. வேர்முடிச்சு நூற்புழுவையும் இது தாங்கும். அந்தத் திடத்துக்காகத்தான் சுண்டை வேர்மேல் கத்தரியை ஒட்டுக்கட்டுகிறார்கள். அதிலிருந்து வருகிறது அடுத்த புகார்.

கத்தரிக்கன்று வாங்கி நட்டேன், சுண்டைக்காய் காய்க்கிறது

ஏமாற்றிவிட்டார்கள் என்று நாற்றங்கால்காரரிடம் சண்டைக்குப் போகும் முன் அடித்தண்டைப் பாருங்கள். மண்ணுக்குச் சற்று மேலே ஒரு தழும்பு, ஒரு முடிச்சு தெரியும். அதுதான் ஒட்டு. அதற்குக் கீழே இருப்பது சுண்டை, மேலே இருப்பது கத்தரி. கீழிருந்து கிளம்பும் தளிரை அவ்வப்போது கிள்ளாமல் விட்டால், வேர் அதனுடையது என்பதால் சுண்டை விறுவிறுவென்று வளர்ந்து கத்தரியை அமுக்கிவிடும்.

கத்தரிக் கிளை இன்னும் உயிரோடு இருந்தால், ஒட்டுக்குக் கீழே உள்ள தளிர்களை எல்லாம் தண்டோடு ஒட்டக் கிள்ளி எறியுங்கள். வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். நடும்போதே ஒட்டு மண்ணுக்குள் புதையாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். புதைந்தால் கத்தரித் தண்டு தானே வேர் விட்டுக்கொள்ளும், ஒட்டுக்கட்டிய பலன் போய்விடும். கத்தரிப் பகுதி செத்துவிட்டதா? கவலை வேண்டாம், ஒரு நல்ல சுண்டைச் செடி கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

தளதளவென்று வளர்கிறது, பூவே இல்லை

கரும்பச்சை இலை, கை அகலம், தண்டு தடிமன், பூ மட்டும் கிடையாது. இப்படி இருந்தால் தழைச்சத்து மிதமிஞ்சிவிட்டது. கடலைப் பிண்ணாக்குத் தண்ணீரும் மாட்டுச் சாணமும் வாராவாரம் போனால் செடி இலை போடுவதிலேயே குறியாக இருக்கும். ஒரு மாதம் உரத்தை அடியோடு நிறுத்துங்கள். அப்புறம் விறகுச் சாம்பல் ஒரு கைப்பிடி போதும். வெயிலும் முக்கியம். அரை நாளாவது நேர் வெயில் படாத செடி பூக்காமல் நெடுநெடுவென்று போகும்.

விதையிலிருந்து வந்த செடி என்றால் வயதையும் கணக்கில் எடுங்கள். ஆறேழு மாதம் ஆகாமல் பூவை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

முன்பு நன்றாகக் காய்த்த செடி இப்போது நிறுத்திவிட்டது என்றால் கத்தரிக்கோல் தேவை. புதுக் கிளையில்தான் பூங்கொத்து வரும். முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். பாவம் பார்க்க வேண்டாம். இந்தச் செடியை வெட்ட வெட்டத்தான் துளிர்க்கும்.

பூ வருகிறது, காய் பிடிக்காமல் உதிர்கிறது

இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாடித் தோட்டக்காரர்கள் அதிகம் புலம்புவது இதைத்தான்.

முதலில், எல்லாப் பூவும் காயாகாது. ஒரே கொத்தில் சூல்தண்டு (பூவின் நடுவில் மகரந்தத்தை வாங்கும் காம்பு) நீண்டு வெளியே நிற்கும் பூவும் இருக்கும், சூல்தண்டு குட்டையாக மகரந்தப்பைகளுக்குள் ஒளிந்திருக்கும் பூவும் இருக்கும். இரண்டாவது வகை ஆண் பூ வேலையை மட்டும் பார்த்துவிட்டு உதிரும். பத்துப் பூ உதிர்ந்தது என்று பதறும் முன், அந்தக் கொத்தில் எத்தனை காய் நின்றிருக்கிறது என்று எண்ணுங்கள். ஐந்தாறு நின்றிருந்தால் செடி சரியாகத்தான் இருக்கிறது.

ஒன்றுகூட நிற்கவில்லை என்றால் வண்டு வருகிறதா என்று பாருங்கள். சுண்டையின் மகரந்தப்பை பிளந்து கொட்டாது. நுனியில் இருக்கும் சின்னத் துளை வழியாகத்தான் தூள் வெளியே வரும், அதுவும் யாராவது அதிரவைத்தால்தான். பெரிய கருவண்டும் சில காட்டுத் தேனீக்களும் பூவைக் கட்டிப் பிடித்து இறக்கைத் தசையை அதிரவைத்துத் தூளைக் கொட்டவைக்கும். அந்த "ங்ஙீ" என்ற ஓசை கிட்டப் போனால் கேட்கும். நாம் பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு இந்த வித்தை வராது. ஐந்தாவது மாடிக்குக் கருவண்டு வராத ஊரில், பூ வந்து உதிர்வதில் வியப்பில்லை.

என்ன செய்யலாம்? காலை எட்டு, ஒன்பது மணிக்குப் பூங்கொத்தின் காம்பை விரலால் சுண்டிவிடுங்கள். மின்சாரப் பல் துலக்கி வைத்திருப்பவர்கள் அதன் பின்பக்கத்தைக் காம்பில் இரண்டு நொடி வைத்தால் தூள் பறப்பதே தெரியும். பூத்திருக்கும் நாட்களில் தினமும் இதைச் செய்ய வேண்டும். நிரந்தரமாக வேண்டும் என்றால், பக்கத்தில் துளசியும் வைத்து, மூங்கில் துண்டு, உளுத்த கட்டை ஒன்றைக் கைப்பிடிச் சுவரோரம் போட்டு வையுங்கள். கருவண்டு அதில் துளை போட்டுக் குடியேறினால் உங்கள் வேலை மிச்சம்.

வண்டு வந்தும் உதிர்கிறது என்றால் சித்திரை, வைகாசி அனலாக இருக்கலாம். அந்த நேரத்தில் காலைத் தண்ணீரைத் தவறவிடாமல், வேர்மேல் காய்ந்த சருகைப் பரப்பி, மழை வரும்வரை பொறுங்கள்.

இலை சல்லடையாகிவிட்டது

நரம்பு மட்டும் மிஞ்சி, இலை ஜன்னல் கம்பி போலத் தெரிந்தால் எபிலாக்னா வண்டு. இலைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில், உடம்பெல்லாம் முள் முள்ளாக இருக்கும் புழுதான் அதன் குஞ்சு. வண்டு செம்பழுப்பில் கரும்புள்ளிகளோடு, பொறிவண்டின் சாயலில் இருக்கும். நன்மை செய்யும் பொறிவண்டு பளபளப்பானது. இது மேலே நுண்ணிய மயிரோடு மங்கலாக இருக்கும். ஆளைத் தெரிந்துகொண்டு பிடியுங்கள், நல்லவரைக் கொன்றுவிடக் கூடாது. ஒன்றிரண்டு செடிக்கு மருந்தே தேவையில்லை. காலையில் இலையைத் திருப்பி, மஞ்சள் முட்டைக் குவியலை நசுக்கி, வண்டையும் புழுவையும் சோப்புத் தண்ணீர் டப்பாவில் தட்டிவிடுங்கள்.

துளை இல்லாமல் இலை வெளுத்து, புள்ளி புள்ளியாகச் சாம்பல் பூத்தது போல் ஆனால், இலையின் அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துத் தட்டுங்கள். நகரும் சிவப்புத் தூள் என்றால் சிவப்புச் சிலந்தி. இது வெயில்கால வியாதி, வறட்சியில் பெருகும். இலையின் அடிப்பாகத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். வலை போன்ற இறக்கையோடு தட்டையான பூச்சி விழுந்தால் அது சாறு உறிஞ்சும் வேறொரு கூட்டம். அதற்கு வேப்பெண்ணெய்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, கரைய ஒரு துளி சோப்பு, மாலை வெயில் இறங்கியபின் தெளிக்க வேண்டும். மதிய வெயிலில் தெளித்தால் இலை கருகும், பிறகு பூச்சியைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெள்ளைப் பஞ்சு, கூடவே எறும்பு

மாவுப்பூச்சி. எறும்புதான் அதைக் கிளைக்குக் கிளை சுமந்து போய்க் குடிவைக்கிறது, அதனால் எறும்பை நிறுத்தாமல் பூச்சியை மட்டும் அடித்தால் மறுவாரம் திரும்ப வரும். தொட்டியைத் தண்ணீர்த் தட்டுக்குள் ஒரு செங்கல்மேல் வையுங்கள், கிளை சுவரைத் தொடாமல் வெட்டிவிடுங்கள். அதிகம் பிடித்த நுனியைக் கிள்ளி, பைக்குள் போட்டுக் கட்டி எறியுங்கள். மீதியைப் பழைய பல் துலக்கியும் சோப்புத் தண்ணீரும் கொண்டு தேய்க்கலாம்.

2008-ல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று அகப்பட்டதையெல்லாம் மேய்ந்தது. 2010-ல் அதன் ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்து விட்டபிறகுதான் அடங்கியது. கண்டபடி மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான்.

நுனியில் இலை சின்னச் சின்னதாகி, குச்சிக் கொத்தாகிவிட்டது

இதற்கு மருந்து கிடையாது. சிற்றிலை நோய், தத்துப்பூச்சி மூலம் பரவும். வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள், அருகில் கத்தரி இருந்தால் அதையும் பாருங்கள். அந்தச் செடியிலிருந்து குச்சி எடுத்து நடாதீர்கள்.

வேண்டாத இடத்திலெல்லாம் முளைக்கிறது

பழுத்த காயைப் பறவை தின்று விதைக்கும், வேரும் பக்கக்கன்று விடும். பழுக்கவிடாமல் பறித்தாலே பாதிப் பிரச்சினை தீரும். பக்கக்கன்றை மேலே அறுத்தால் இரண்டாக வரும். வேர் வரை தோண்டி எடுக்க வேண்டும். கையுறை அவசியம், முள்ளுக்காக மட்டும் இல்லை: இலையிலும் தண்டிலும் நட்சத்திர வடிவில் நுண்மயிர் உண்டு, சிலருக்குக் கையும் கழுத்தும் அரிக்கும். அரித்தால் தேய்க்காமல் ஓடும் தண்ணீரில் கழுவுங்கள்.

அமெரிக்காவில் இருக்கும் தங்கைக்கோ மகனுக்கோ விதை அனுப்பும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அங்கே இது மத்திய அரசின் களைப் பட்டியலில் இருக்கிறது, விதையோ கன்றோ கொண்டுபோவதற்கு அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்திலும் களையாகத்தான் பார்க்கிறார்கள்.

நறுக்கிய காய் கறுத்துப்போகிறது

அடுக்களைக்கு வந்துவிட்டோம். சுண்டையை வெட்டிய உடனே காற்றுப் பட்டுக் கறுக்கும். பக்கத்தில் அரிசி கழுவிய தண்ணீரோ நீர்மோரோ வைத்துக்கொண்டு, தட்டத் தட்ட அதில் போட்டால் நிறம் நிற்கும். அம்மிக் குழவியால் லேசாகத் தட்டி, நீரில் அலசிவிட்டால் விதையும் கொஞ்சம் வெளியேறும்.

சாப்பிட்டால் விதை கடகடவென்று கடிபடுகிறது

காய் முற்றிவிட்டது. நகத்தால் அழுத்தினால் காய் அமுங்கி விதை வெண்மையாக இருக்க வேண்டும். விதை பழுப்பாகத் தொடங்கியிருந்தால் அது குழம்புக்கு ஆகாது, வற்றலுக்கும் சுமார்தான். பச்சையாகச் சமைக்கப் பட்டாணி அளவு இளங்காய்தான் சரி.

கசப்பு தாங்கவில்லை

மலைச்சுண்டையா நாட்டுச்சுண்டையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். மலைச்சுண்டைக்குக் கசப்பு கூடுதல், அதை வற்றலுக்கு விட்டுவிட்டு, சாம்பாருக்கும் பச்சைக் குழம்புக்கும் நாட்டுச்சுண்டையை எடுப்பதுதான் வழக்கம். தட்டி, விதை அலசி, உப்புப் போட்ட மோரில் அரைமணி நேரம் போட்டு வையுங்கள். அப்புறம் நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கிவிட்டுப் புளியில் சேர்க்க வேண்டும். வதக்காமல் நேரே புளித்தண்ணீரில் போட்டு வேகவைத்தால் கசப்பு குழம்பு முழுவதும் இறங்கிவிடும். கடைசியில் நெல்லிக்காய் அளவு வெல்லம். கசப்பை முழுதாக ஒழிக்க நினைத்தால் சுண்டைக்காய் ஏன் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

வழக்கத்துக்கு மீறி நாக்கைச் சுரண்டும் கசப்பு இருந்தால் துப்பிவிட்டு, அந்தக் குழம்பைக் கொட்டிவிடுங்கள். சுண்டையில் இயல்பாகவே ஆல்கலாய்டுகள் என்ற கசப்பு வேதிப்பொருள்கள் உண்டு, அளவு மிஞ்சினால் நஞ்சு. ஜமைக்காவில் விளைந்த சுண்டைக்காய் சாப்பிட்ட சிலருக்குப் பேச்சு குழறி, நடை தள்ளாடி, மருத்துவமனை வரை போனது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. அபூர்வம்தான், ஆனாலும் சோதித்துப் பார்க்கிற விஷயமில்லை.

வற்றல் பூசணம் பிடித்துவிட்டது

முதலில், அது பூசணமா உப்பா? ஒரு வற்றல்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். வெண்மை கரைந்தால் உப்பு, பயமில்லை. கரையாமல் நூல் நூலாக, பச்சையோ சாம்பலோ கலந்து, மக்கிய வாடை வந்தால் பூசணம். மேலே தட்டிவிட்டு மறுபடி காயவைத்து வறுத்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், டப்பாவோடு போகட்டும்.

அடுத்த தடவை வராமலிருக்க, எங்கே தவறியது என்று பார்ப்போம்.

காயைக் கீறாமல் முழுசாகப் போட்டிருந்தால் மோரும் உப்பும் உள்ளே இறங்கியிருக்காது, உள் ஈரமும் வெளியேறியிருக்காது. ஒவ்வொரு காயையும் தட்டவோ கத்தி நுனியால் கீறவோ வேண்டும். சோம்பல் பட்டு நாலில் ஒன்றை விட்டால், அந்த ஒன்றிலிருந்துதான் பூசணம் தொடங்கும்.

மோரில் வெண்ணெய் இருந்ததா? கொழுப்பு காய்மேல் படிந்தால் பிசுபிசுப்பு போகாது, நாளானால் சிக்கு வாடையும் வரும். வெண்ணெய் கடைந்து எடுத்த, நன்றாகப் புளித்த கெட்டி மோர்தான் இதற்கு. புளிப்பு குறைந்தால் காய் கெட வழியாகும்.

முறை என்று பார்த்தால் எளிது. உப்பு மோரில் இரவு முழுவதும் ஊறல். காலையில் காயை மட்டும் வடித்துத் தட்டில் பரப்பி வெயில். மாலையில் மறுபடி அதே மோருக்குள். மோர் வற்றும்வரை இப்படியே, அதன்பிறகு வெறும் வெயில். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், நடுவில் உடைத்தால் பொட்டென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் வெயில் பாக்கி. மாசி, பங்குனியில் போடுவது அதனால்தான். ஐப்பசியில் ஆசைப்பட்டுப் போட்டுவிட்டு வானம் மூடிக்கொண்டால், மின்விசிறிக்கடியில் பரப்பி, மறுநாளும் வெயில் இல்லாவிட்டால் அடுப்பில் இரும்புச் சட்டியில் சிறு தீயில் புரட்டி ஈரத்தை ஓட்டுங்கள்.

கடைசித் தவறு டப்பாவில். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு மூடினால் உள்ளே வியர்க்கும். ஆறியபிறகு கண்ணாடி அல்லது பீங்கான் ஜாடியில் போடுங்கள். ஈரக் கரண்டி கூடாது. வண்டு விழுந்திருந்தால் புடைத்து, ஒரு நாள் கடும் வெயில் காட்டிவிட்டு, நாலு காய்ந்த மிளகாயோடு போட்டு வையுங்கள்.

வற்றல் உப்புக் கரிக்கிறது

மோரில் ருசி பார்த்து உப்புப் போட்டிருப்பீர்கள். தண்ணீர் வற்ற வற்ற உப்பு மட்டும் மிஞ்சும். மோராகக் குடித்தால் கொஞ்சம் குறைச்சல் என்று தோன்றும் அளவே சரி. ஏற்கெனவே கரிப்பதை வறுப்பதற்கு முன் அலசாதீர்கள், எண்ணெயில் போட்டால் தெறிக்கும். குழம்பில் உப்பே போடாமல் இதைச் சேர்த்து, கடைசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வறுத்தால் கருகிவிடுகிறது, அல்லது உள்ளே மெத்தென்று இருக்கிறது

இரண்டுக்கும் காரணம் எண்ணெயின் சூடு. வற்றல்மேல் மோரின் பால்சத்து காய்ந்து படிந்திருக்கிறது, அது சட்டென்று கருகும். புகை வரும் எண்ணெயில் போட்டால் வெளியே கரி, உள்ளே பச்சை. ஆறிய எண்ணெயில் போட்டால் எண்ணெய் குடித்து மெத்தென்று நிற்கும். மிதமான சூட்டில் ஒரு வற்றலைப் போடுங்கள். மெல்ல நுரைத்து மேலே வந்தால் சரியான சூடு. கரும்பழுப்பாகும் முன்பே எடுத்துவிடுங்கள், எடுத்தபின்னும் சூட்டில் இன்னும் கொஞ்சம் கறுக்கும். வத்தக்குழம்பு என்றால் முதலில் நல்லெண்ணெயில் வறுத்துத் தனியே வைத்துவிட்டு, குழம்பு எண்ணெய் பிரிந்து இறக்கும் நேரத்தில் சேருங்கள். ஆரம்பத்திலேயே சேர்த்தால் கொதித்துக் கொதித்துக் கசப்புக் கஷாயமாகிவிடும்.

வயிறு மந்தம், பூச்சித் தொல்லை, சர்க்கரை: சுண்டை போதுமா?

சாப்பிட்டபின் வயிறு கனக்கிறது, பசியே இல்லை என்றால் வறுத்த வற்றலைப் பொடித்துச் சூடான சோற்றில் நெய்யோடு முதல் கவளம் சாப்பிடுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். அதில் தவறில்லை. சித்த மருத்துவத்தில் சுண்டைவற்றல் சூரணம் என்றே ஒன்று உண்டு. கறிவேப்பிலை, மாம்பருப்பு, ஓமம், நெல்லிவற்றல், மாதுளை ஓடு, வெந்தயம் ஆகியவற்றைச் சேர்த்துச் செய்வது, கழிச்சலுக்குக் கொடுப்பார்கள். அதை வீட்டில் குத்துமதிப்பாக இடிப்பதைவிடச் சித்த மருத்துவரிடம் அளவு கேட்டு வாங்குங்கள்.

குழந்தைக்கு வயிற்றில் பூச்சி என்றால் வற்றலை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் குடற்புழு நீக்க நாளில் அல்பெண்டசோல் மாத்திரை இலவசமாகவே தருகிறார்கள். கழிச்சலில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவு என்று எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். சர்க்கரைக்கு நல்லது என்று பரவும் பேச்சு பெரும்பாலும் எலிகளில் செய்த சோதனையை வைத்து வந்தது. மாத்திரையை நிறுத்த அது போதாது.

ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் வற்றலைத் தவிர்ப்பதற்குக் காரணம் சுண்டை இல்லை, அதில் ஏறியிருக்கும் உப்பு. அவர்களுக்காகத் தனியாக ஒரு படி போடலாம்: தட்டிய காயைக் கொதிநீரில் இரண்டு நிமிடம் போட்டு வடித்து, மோரும் உப்பும் இல்லாமல் வெயிலில் கலகலவென்று காயவைக்க வேண்டும். உப்புக் காவல் இல்லாததால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். சிறிய ஜாடியில் கொஞ்சமாகப் போட்டு, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.